மிட்டூர் வீட்டு வைஃபையும் பதினைந்தாம் வசனமும்

1

கவென்ட்ரியில் என் வீட்டு வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை. எந்த அறையில் நின்று பார்த்தாலும் போனில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நிற்கின்றன. கோளாறு சித்தூரில், மிட்டூர் சந்தில், என் தங்கை ரஞ்சிதம் குடியிருக்கும் எங்கள் பழைய வீட்டில். அதைச் சரிசெய்கிற கவலை மட்டும் கடல் தாண்டி வந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள், கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கலாம். உண்மையிலேயே வேறு வேலை இல்லை. இங்கே வந்து முப்பத்து நான்கு குளிர்காலம் ஆகிறது. ஒரு மருத்துவமனைக் கிடங்கில் ஊசி, பஞ்சு, கையுறைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றேன். எண்ணுவது அங்கே தொழிலாக இருந்தது. இப்போது வியாதி என்கிறாள் மருமகள். பேருந்தில் ஏறினால் காலி இருக்கைகளை எண்ணுகிறேன். அவள் பரிமாறும் இட்லியை எண்ணுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியம் இரண்டரை என்றால் மிட்டூரில் இரவு எட்டு. குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அம்மாவின் பிரம்பு நாற்காலியில், இரண்டு தலையணைக்கு நடுவே போனைச் சாய்த்து வைப்பாள் ரஞ்சிதம். அந்தப் போனுக்குள் நான். வேதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, எட்டு மணி ஆனதும் படம் உறைந்துபோகும். ரஞ்சிதத்தின் வாய் திறந்தபடியே நிற்கும். பிறகு வட்டம் ஒன்று சுழலும். பிறகு ஒன்றும் இருக்காது.

முதல் ஞாயிறு எனக்காக நிறுத்தி, "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு கொஞ்சம் கூப்பிட்டார்கள். நான்காம் ஞாயிறு லைன் திரும்பி வந்தபோது வாசிப்பு மூன்று வசனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என் வசனத்தை, அடுத்த நாற்காலியில் இருந்த தங்கை கணவர் தேவதாஸ் தன்னுடையதோடு சேர்த்து வாசித்து முடித்திருந்தார். யாரையும் குறை சொல்ல முடியாது. நின்றுபோன போனுக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

ஆனால் நவம்பர் கடைசியில் அம்மாவின் நினைவு நாள் இருந்தது. அம்மா போன பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்கு நான் விமானம் ஏறிவிடுவேன். மூத்தவன் என்பதால் கடைசி ஜெபம் என்னுடையது. இந்த வருடம் இருதய மருத்துவர் விமானமே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த இரவில் எனக்கு அந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியின் கையில் இருந்தது.

2

என் எண்ணும் பழக்கம் கிடங்கில் தொடங்கியது என்று மேலே எழுதினேன். யோசித்தால் அது சரியில்லை. அந்த வட்டத்தில்தான் தொடங்கியது.

சுற்றி வாசித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் இருப்பவர் வாசிக்கும்போது யாரும் கேட்கமாட்டோம். நமக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணி, நமக்கு எந்த வசனம் விழும் என்று கண்டுபிடித்து, அதில் வாயில் நுழையாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று உதட்டுக்குள் பழகிக்கொண்டிருப்போம். தப்பாக வாசித்தால் நைனா, எங்கள் அப்பா, இருமுவார். அந்த இருமலுக்கு அடியே மேல்.

வீட்டில் விசேஷமான நாளென்றால் அம்மா கேட்பது ஒரே சங்கீதம்தான். இருபத்திரண்டு வசனம். அன்றைக்குக் கூட்டமும் அதிகம் இருக்கும். மிஷன் காம்பவுண்டில் குடியிருந்தவர்கள், நைனாவிடம் படித்தவர்கள், நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்து தங்கிவிட்ட உறவினர்கள் என்று பதினைந்து இருபது பேர். ஆரம்பிப்பதற்கு முன் அம்மா எழுந்து ஒரு சுற்றுப் பார்ப்பாள். "நீ அங்க வேணாம், இந்தாண்ட வந்து குந்து" என்று எங்களில் ஒருவரைத் தூக்கி வேறிடத்தில் வைப்பாள். பேசிச் சிரிப்போம் என்று பயந்து பிரிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் இடம் மாற்றியதும் என் எண்ணிக்கை கெட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து.

அந்தச் சங்கீதத்தின் பதினைந்தாம் வசனத்தை அம்மா புத்தகம் பார்க்காமல் சொல்லுவாள். மனிதனின் நாட்கள் எவ்வளவு கொஞ்சம் என்பது அதன் பொருள். அந்தக் குரலில் துக்கம் இருக்காது. பால்காரன் வந்துவிட்டான் என்பதுபோல இருக்கும்.

3

பழுது பார்க்கத் தொடங்கினேன். முதலில் எல்லாரும் சொல்லுகிற மருந்து: அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போடு.

"பெட்டியில லைட்டு பச்சையா எரியுதா, சிவப்பா?" என்றேன்.

"பெட்டி தெரியலண்ணா. இரு, உறையைக் கழட்டறேன்" என்றாள் ரஞ்சிதம்.

"என்ன உறை?"

"குரோஷா உறை. நான்தான் பின்னேன். மொட்டையா குந்திக்கினு இருந்திச்சு, பார்க்க நல்லாவே இல்ல."

மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் குரோஷா படித்த பெண்களின் வீட்டில் எதுவும் மொட்டையாக இருக்காது. ரேடியோவுக்கு உறை, டிவிக்கு உறை, வேதப்புத்தகத்துக்கு உறை, தண்ணீர்ச் சொம்புக்கு ஓரத்தில் மணி கட்டிய உறை. எங்கள் வீட்டில் உறை போடப்படாமல் தப்பித்தது நைனா ஒருவர்தான்.

"சூடா இருக்குதா தொட்டுப் பாரு."

"தோசை ஊத்தலாம்."

பெட்டி இருந்த இடம் கண்ணாடி ஷோகேஸ். தேவதாஸ் தலைமையாசிரியராக இருந்தபோது வாங்கிய கேடயங்களுக்கும் எவர்சில்வர் குத்துவிளக்கு மாதிரி நிற்கிற ஏதோ ஒரு கோப்பைக்கும் நடுவில். உறையை எடுக்கச் சொன்னேன். பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் மாற்றச் சொன்னேன். பிறகு ஜன்னலுக்கு. குரங்கு கேபிளைக் கடித்திருக்கிறதா என்று மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். கடிக்கவில்லை. பகலில் எல்லாம் படம் கண்ணாடி மாதிரி வந்தது. எட்டு மணிக்கு மறுபடி உறைந்தது.

தேவதாஸ் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "இது சாத்தானோட வேலை மச்சான். ஜெப நேரம் பாத்து வரான் பாருங்க."

"சாத்தான் தினமும் எட்டு மணிக்கு வருவானா மாப்ள? நம்ம ஊர்ல எது நேரத்துக்கு வருது?"

"சிரிக்காதீங்க. லைனு நிக்கலன்னா இன்னா, கடைசி ஜெபத்தை நானே பண்ணிடறேன். நீங்க அங்கேந்து ஆமென் சொல்லிடுங்க."

தேவதாஸ் நல்ல மனிதர். ஆனால் அவர் ஜெபம் முதலமைச்சரில் தொடங்கும். பிறகு மந்திரிகள், கலெக்டர், காணிப்பாக்கம் ரோட்டில் நடக்கும் விபத்துகள், முனிசிபாலிட்டித் தண்ணீர் என்று வரிசையாக இறங்கி வரும். அம்மாவின் பெயர் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அன்று இரவு அந்த ஜெபத்தை அவரிடம் விட எனக்கு மனமில்லை. அதைத் தங்கையிடம் சொல்லவும் முடியவில்லை.

4

புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வீடு என் பெயரில் இருப்பதால் இணைப்பும் என் பெயரில். புகார் பதிய ஓடிபி வரவேண்டும். அது என் பழைய இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம் இங்கே மேசை இழுப்பறையில், கிழிந்த அட்டைப்பெட்டிக்குள், ஒரு பழைய போனில் படுத்திருக்கிறது. அதற்கு உயிர் கொடுத்து, ஓடிபி வந்து, அதைக் கண்ணாடி மாற்றி வாசித்து, போடுவதற்குள் நேரம் தாண்டிவிட்டது என்கிறது. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று செய்தி வந்தது.

நட்சத்திரம் தராமல் மறுபடி புகார் கொடுத்தேன். திருப்பதி அலுவலகத்திலிருந்து ஒருவர் பகல் பதினொரு மணிக்கு வந்தார். ரஞ்சிதம் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சிக்னல் ஃபுல்லுகா உந்தி சார்" என்றார்.

பகலில் ஃபுல்தான், ராத்திரி எட்டுக்கு வந்து பாருங்கள் என்று தெலுங்கில் சொல்லப் பார்த்தேன். பள்ளியில் தெலுங்கில் பேச்சுப்போட்டிப் பரிசு வாங்கியவன் நான். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ், இடையிடையே சாரி. தொந்தரவுக்கு சாரி, வெயிலில் வந்ததற்கு சாரி, எட்டு மணிக்குக் கூப்பிடுவதற்கு சாரி. ஆறு மணியோடு தன் டியூட்டி முடிகிறது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"அந்தாளுகிட்ட இன்னாத்துக்கு அத்தினி சாரி?" என்றாள் ரஞ்சிதம். "உங்க அண்ணன் இன்னா தப்பு பண்ணிட்டாருன்னு என்னைக் கேட்டுட்டுப் போறான்."

இந்த ஊரில் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டாலும் கம்பத்திடம் சாரி சொல்லுவார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். எப்போது நானும் சொல்ல ஆரம்பித்தேன் என்பது மட்டும் என் கணக்கில் இல்லை.

5

என் மகன் ஜோயல் இதையெல்லாம் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நீங்க படிக்கிறத இங்க ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க. உங்க டர்ன் வந்ததும் அத்தை ப்ளே பண்ணட்டும்."

"எந்த வசனம்னு முன்னாடியே எப்படித் தெரியும்? எத்தனை பேர் உட்காருவாங்கன்னு பார்த்தால்தானே?"

"அப்ப இருபத்திரண்டையும் ரெக்கார்ட் பண்ணுங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. உதவி செய்கிறான். அதுதான் கஷ்டம். வட்டத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகப் பயந்துகொண்டிருந்த அனுபவம் அவனுக்கு இல்லை. இருமுகிற நைனாவும் அவனுக்கு இல்லை. நானும் அவன் முன்னால் ஒருநாளும் இருமியதில்லை.

6

கண்டுபிடித்தது ரஞ்சிதத்தின் மகன் சுதாகர். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். மிட்டூர் வீட்டில் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியவனும் அவன்தான். திருப்பதியிலிருந்தே தன் போன் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து பார்க்க முடியும் என்று அவனுக்கு நினைவு வந்தது நான் ஆறாவது முறை கூப்பிட்டபோது.

"மாமா, நம்ம வூட்ல மொத்தம் எத்தினி போனு?"

"உங்கம்மாவுது, அப்பாவுது, ஒரு டிவி. நீ வந்தா உன்னுது. நாலு."

"நான் இங்க திருப்பதில இருக்கேன். அப்ப மூணு. இங்க பத்தொம்போது காட்டுது."

படமெடுத்து அனுப்பினான். எண்ணினேன். பத்தொன்பதுதான். சில போன்களுக்குப் பெயர் இருந்தது. சுஜாதா, ரமா, பிரபு ஆட்டோ. ஒன்றின் பெயர் 'ராயல் சிங்கம்'.

"பாஸ்வேர்டு இவங்களுக்கெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"அம்மா மறக்கக் கூடாதுன்னு... இந்த வருச வாக்குத்தத்தத்தை வெச்சேன் மாமா."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுப்பார். அந்த வருடம் முழுவதும் பற்றிக்கொள்ள ஒரு வசனம் அதில் இருக்கும். சபைக்கே ஒரே வசனம். அது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும். பீரோக் கதவிலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் வாசற்கதவிலேயே, பெரிய எழுத்தில். அதாவது சாவியைப் பூட்டின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். வசனம் எதுவென்று இங்கே எழுத முடியாது. காரணம் கீழே வருகிறது.

உடனே மாற்றச் சொன்னேன். சுதாகர் தயாராக இருந்தான். ரஞ்சிதம் குறுக்கே வந்தாள்.

"மாத்தாதே."

"ஏன்?"

"பக்கத்து வூட்ல நர்சிங் படிக்கிற பொண்ணுங்க வாடகைக்கு இருக்குதுங்க. இந்தச் சந்துல டேட்டா எங்க எடுக்குது? மாடி மேல ஏறினா உண்டு. மழையில ஏற முடியுமா? அந்த சுஜாதாவுக்கு ஊரு தூரத்துல, குப்பம். அவங்கம்மா வேலை முடிச்சு வரதே எட்டு மணிக்கு. தினமும் நம்ம செவுத்தாண்ட நின்னுக்கினுதான் பேசும்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு நான்தானே ஸ்டூல் போட்டேன்."

வரிசையாகச் சொன்னேன். எட்டு மணிக்கு இத்தனை பேர் ஒரே பெட்டியைப் பிடித்து இழுத்தால் லைன் எப்படி நிற்கும்? அம்மா நாள் வருகிறது. நான் வர முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"நீ சீமைக்குப் போய் மொத மொத போன் பண்ணியே, யார் வூட்டுக்குப் பண்ண?"

காம்பவுண்டில் ஒரே ஒரு டெலிபோன், டாக்டரம்மா வீட்டில் இருந்தது. நான் கூப்பிட்டதும், பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடு, வரச் சொல்லுகிறேன் என்று வைத்துவிடுவார். மறுபடி கூப்பிட்டால் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவாள். எங்களைப் போல அந்த எண்ணைக் கொடுத்திருந்த குடும்பங்கள் எத்தனை என்று அன்று மதியம் எண்ணிப் பார்த்தேன். பெயர் தெரிந்தவை மட்டும் பதினொன்று.

"அந்தம்மா ஒரு நாளாவது கதவைச் சாத்துச்சா?" என்றாள் ரஞ்சிதம். "கவலைப்படாதே. அன்னிக்கு லைனு நிக்கும்" என்றாள்.

"எப்பிடி?"

"நிக்கும்ணா."

7

நினைவு நாளன்று இரண்டு மணிக்கே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போன வாரக் கணக்குப்படி வீட்டு ஆட்களும் உறவும் நானும் சேர்த்து ஒன்பது பேர். கதவோரத்திலிருந்து தொடங்கினால் அம்மா நாற்காலி ஐந்தாவது. எனக்கு ஐந்தாம் வசனம், இரண்டாம் சுற்றில் பதினான்காம் வசனம். இரண்டையும் ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தேன்.

படம் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். நடுவில் பெரிய எவர்சில்வர் அண்டா, கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. ரஞ்சிதம் மூடியைக் கையில் பிடித்து நின்றிருந்தாள்.

"போனெல்லாம் அணைச்சு இதுக்குள்ள போடுங்க. ஜெபம் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அப்பறம் போண்டா, டீ, அப்பறம் வைஃபை."

"ஆன்ட்டி, சவாரி வந்தா?" என்று கேட்டவர், பட்டியலில் பெயர் பார்த்த பிரபு ஆட்டோவாகத்தான் இருக்க வேண்டும். தலை நரைத்த மனிதர்.

"உன் சவாரிய ஆண்டவர் பாத்துக்குவார். போடு."

நர்சிங் பெண்கள் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் போட்டார். தேவதாஸ் தன் போனைச் சட்டைப்பைக்குள் கொஞ்சம் ஆழமாகத் தள்ளுவதை நான் பார்த்தேன். ரஞ்சிதமும் பார்த்தாள்.

"நீங்களுந்தான்."

"நான் வூட்டுக்காரண்டி."

"அதான் மொதல்ல போட்டிருக்கணும்."

மூடி விழுந்தது. என் திரையில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. இருந்தாலும் நம்பிக்கையில்லாமல், இங்கே ஜோயலின் டிவியையும் அணைக்கச் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றான்.

கூட்டம் கூடியதால் என் கணக்கு வீணாகிவிட்டது. மறுபடி எண்ண வேண்டும். தலையணைக்கு நடுவே சாய்ந்திருப்பவனுக்கு எல்லார் தலையும் தெரியாது. முழங்கால்களை எண்ணி இரண்டால் வகுத்தேன். எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். அப்படியானால் எனக்குப் பதினான்கு. பழகிய வசனம். நிம்மதியாக இருந்தது.

ரஞ்சிதம் எழுந்து நின்றாள். கதவோரத்திலிருந்து ஒவ்வொருவராக விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். உதடு அசைந்தது. அம்மா நாற்காலி வரை வந்து நின்றாள். பிறகு நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒல்லியான பெண்ணைப் பார்த்து, "சுஜாதா, நீ அங்க வேணாம். இந்தாண்ட வந்து ரமா பக்கத்துல குந்து" என்றாள்.

சுஜாதா எழுந்து எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் எண்ணிக்கை கெட்டது. எரிச்சலோடு முதலிலிருந்து எண்ணினேன். பதினான்கு பேர். எனக்குப் பதினைந்து.

மறுபடி எண்ணினேன். பதினைந்துதான்.

எங்களைப் பிரித்து வைப்பதற்காக அம்மா இடம் மாற்றவில்லை. அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் எல்லாரையும் போலத் தன் வசனம் எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயந்து அல்ல, அந்தப் பதினைந்து வேண்டி. கிடங்கு கிடங்காக எண்ணிய எனக்கு அது தெரியவில்லை. ஷோகேஸையும் குரோஷா ஊசியையும் கட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதத்துக்குத் தெரிந்திருந்தது.

வாசிப்பு தொடங்கியது. தமிழில் சிலர், தெலுங்கில் சிலர். பிரபு தன் வசனத்தைக் கோர்ட்டில் சாட்சி சொல்லுவதுபோல நின்று வாசித்தார். பதினான்காவதாக சுஜாதா தெலுங்கில் வாசித்து முடித்தாள். என் முறை.

புத்தகம் திறந்திருந்தது. லைன் இருந்தது. குரல் வரவில்லை.

தேவதாஸ் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார். "மச்சான்? ... போயிடிச்சு போல. ஃப்ரீஸ் ஆயிட்டாரு." தன் புத்தகத்தில் என் வசனத்தைத் தேடித் தொண்டையைச் செருமினார்.

"போவல" என்றாள் ரஞ்சிதம். அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "லைனு இருக்குது. அண்ணன் அங்கதான் இருக்காரு. இருங்க."

தேவதாஸ் புத்தகத்தை மடியில் வைத்தார். எல்லாரும் இருந்தார்கள். அண்டாவுக்குள் அணைக்காமல் போட்ட யாருடைய போனோ மணியடித்தது. பிரபு எழப் பார்த்து, ரஞ்சிதத்தைப் பார்த்து, உட்கார்ந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எனக்கு அடுத்த வசனத்துக்குப் போகவில்லை.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மூடினேன். பார்க்காமலே சொன்னேன்.